மிசூரி பொதுக்காடுகளில் வசந்தகால வான்கோழி வேட்டை: கூட்டமில்லாத இடம் தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் செயின்ட் லூயிஸில் இருக்கிறேன். ஏப்ரல் வந்தால் தெற்கே ஓசார்க் மலைக்காடுகளுக்குக் கிளம்பிவிடுவேன். எட்டு வசந்தங்களாக இதுதான் வழக்கம். சொந்தமாக நிலம் கிடையாது, பண்ணை வைத்திருக்கும் நண்பர்களும் கிடையாது. எல்லா வேட்டையும் பொதுநிலத்தில்தான். அலுவலக நண்பர்களும் இங்குள்ள தமிழ் நண்பர்களும் வருடா வருடம் கேட்கும் கேள்விகளையும், என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

பொதுநிலம் என்றால் நம்மூர் புறம்போக்கு மாதிரியா?

இல்லை. புறம்போக்கு என்றால் நமக்கு யாரும் கேட்காத நிலம் என்ற நினைப்பு. இங்கே பொதுநிலத்துக்கு எல்லை, விதி, காவல் எல்லாம் உண்டு. சில நிலங்கள் மத்திய அரசின் வனத்துறையுடையவை, சில அணைகளைச் சுற்றி ராணுவப் பொறியாளர் படை வைத்திருப்பவை, சில மாநிலத்துடையவை. உரிமம் வாங்கி, அந்த இடத்தின் விதிப்படி யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வேட்டையாடலாம். கோடீஸ்வரனுக்கும் எனக்கும் அங்கே ஒரே உரிமை. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

மிசூரியில் எங்கே ஆரம்பிப்பது?

மார்க் ட்வைன் தேசிய வனம். சுமார் 15 லட்சம் ஏக்கர், மாநிலத்தின் தென்பாதியில் பரவிக் கிடக்கிறது. ஒரே துண்டாக இருக்காது. நடுநடுவே தனியார் பண்ணைகள் வரும், அதனால் வரைபடம் ஒட்டுப்போட்ட துணி போலத் தெரியும். இந்த வனத்துக்குள் வாகனமே நுழையக்கூடாத ஏழு காப்புக்காடுகள் இருக்கின்றன. ஐரிஷ் வில்டர்னஸ் 16,000 ஏக்கருக்கு மேல், ஹெர்குலிஸ் கிளேட்ஸ் 12,000 ஏக்கருக்கு மேல். கார் மட்டுமல்ல, சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும்கூட அனுமதி இல்லை. சுட்ட கோழியைத் தோளில்தான் சுமந்து வர வேண்டும். அதனாலேயே பாதிப் பேர் அந்தப் பக்கம் போவதில்லை.

இதைத் தவிர மாநில இயற்கைவளப் பாதுகாப்புத் துறைக்கு ஏராளமான சிறு காடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. சிலவற்றில் குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்கு மட்டும் அனுமதி, சிலவற்றில் வில் அம்பு மட்டும். அந்தந்தக் காட்டின் பக்கத்தைத் துறையின் தளத்தில் படித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

வேட்டையாடினால் இந்தப் பறவை அழிந்துவிடாதா?

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. எனக்கும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை மொட்டையடித்ததாலும் வரைமுறையில்லாமல் சுட்டதாலும் மிசூரியில் வான்கோழி அழியும் நிலைக்குப் போனது. 1937-ல் வேட்டையை நிறுத்தினார்கள். 1954-ல் கேனி மவுண்டன் சரணாலயத்தில் காட்டு வான்கோழிகளை வலை போட்டுப் பிடித்து, கோழி இல்லாத மாவட்டங்களில் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். 1960-ல் வெறும் 3 நாள் வேட்டை திறந்தது. 1976-ல் மிசூரியில் பிடித்த கோழிகளை விஸ்கான்சினுக்குக் கொடுத்து, அங்கே கோழி இனம் மறுபடி தழைத்தது. இந்த வேலைகளுக்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டைக்காரர்கள் கட்டும் உரிமக் கட்டணத்திலும், 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வனவிலங்குகளுக்கென ஒதுக்கிய துப்பாக்கி, தோட்டா வரியிலும் வந்தது.

வசந்தத்தில் சேவல்களைத்தான் சுடுகிறோம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால், இனச்சேர்க்கை நடந்த பிறகு சில சேவல்கள் குறைந்தால் குஞ்சுகளின் எண்ணிக்கை குறையாது என்பதுதான் இதன் கணக்கு. ஆனாலும் 2004-ல் வசந்த வேட்டையில் 60,000-க்கும் மேல் விழுந்த மாநிலத்தில் இன்று கோழி குறைந்துதான் இருக்கிறது. குஞ்சு பிழைப்பது குறைந்துவிட்டது. சட்டம் இரண்டு சேவல் தரும், நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி எடுக்கலாமா?

மத்திய சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். இரவல் வாங்கிக் கையில் பிடிப்பதும் இதில் அடங்கும். ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் முடிந்த மறுநாளும் துப்பாக்கி வீட்டில் இருந்தால் சிக்கல், விசாவுக்கே ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் நண்பர்கள் பேச்சை (என் பேச்சையும் சேர்த்துத்தான்) நம்பிப் போகாமல் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மிசூரியில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதில் வருவோம்.

சரி, கூட்டமில்லாத இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடலை ஏப்ரலில் தொடங்கினால் தாமதம். நான் ஜனவரியிலேயே சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிடுவேன்.

முதலில் வனத்துறை இலவசமாகத் தரும் மோட்டார் வாகனப் பாதை வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் காட்டுப்பாதையில் வண்டி ஓட்டலாம், எது மூடியது என்று அதில் தெரியும். பக்கத்திலேயே ஆன்எக்ஸ் மாதிரி ஒரு வேட்டைச் செயலியில் அதே இடத்தைத் திறந்து வையுங்கள். வண்டி போகும் பாதைகளிலிருந்து இருபுறமும் அரை மைலை மனதுக்குள் அழித்துவிடுங்கள். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் அந்த அரை மைலுக்குள்தான் உட்காருவார்கள். மிச்சம் இருப்பது சிறு சிறு தீவுகள் மாதிரித் தெரியும். அந்தத் தீவுகள்தான் நம் தேடல்.

அடுத்து தண்ணீர். முழங்கால் அளவு ஓடை ஒன்று குறுக்கே ஓடினாலே போதும், ஆட்கள் திரும்பிவிடுவார்கள். இருட்டில், ஏப்ரல் மாதக் குளிர்த் தண்ணீரில் இறங்க யாருக்கும் மனம் வராது. நான் இடுப்பளவு ரப்பர் பூட்ஸை ஓடைக்கரையில் மாற்றிக்கொண்டு, அக்கரையில் ஒரு கிளையில் மாட்டிவிட்டு நடப்பேன். ஐரிஷ் வில்டர்னஸ் ஓரமாக ஓடும் இலெவன் பாயின்ட் ஆற்றில் சிறு படகில் போய், சாலையே இல்லாத கரையில் இறங்குபவர்களும் உண்டு. ட்ரூமன் ஏரி போன்ற அணைகளிலும் இதே வழி. சாலையில் இருந்து பார்த்தால் தனியார் பண்ணைகள் மறிக்கும், தண்ணீர்ப் பக்கம் இருந்து போனால் கரையோரப் பொதுநிலம் திறந்து கிடக்கும்.

மூன்றாவது, எரித்த காடு. வனத்துறை குளிர்காலம் முடியும் நேரத்தில் சருகுகளுக்குத் திட்டமிட்டுத் தீ வைக்கும். பார்க்கக் கருகிப்போய் ஒன்றுமில்லாதது போல இருப்பதால் புதியவர்கள் கடந்து போய்விடுவார்கள். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் சாம்பலில் இளம்புல் துளிர்க்கும், பூச்சி வரும், தரை தெளிவாகத் தெரியும். தோகை விரித்து ஆட சேவலுக்கு அப்படி ஒரு களம் வேறு கிடையாது. எந்தப் பகுதியை எரித்தார்கள் என்பதை வட்டார வன அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாலே சொல்வார்கள். இதுவரை நான் கேட்டு ஒருவரும் மறுத்ததில்லை.

பெரிய காடுகளை மட்டுமே பார்க்காதீர்கள். 80 ஏக்கர், 100 ஏக்கர் என்று ஒதுங்கிக் கிடக்கும் துண்டுகளை எல்லோரும் சிறியது என்று ஒதுக்கிவிடுவார்கள். பக்கத்துப் பண்ணையில் மேயும் கோழிகள் அந்தத் துண்டில் வந்து அடையும். மாநிலம் வாடகைக்கு எடுத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் தனியார் நிலங்களும் இருக்கின்றன, அவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மைல் நடக்க வேண்டும்?

ஒரு மைல் போதும். மூடிய கேட்டுக்குப் பின்னால் ஒரு மைல் போனால் சத்தம் அடங்கிவிடும். சமதளத்தில் மூன்று மைல் போவதைவிட, செங்குத்தான ஒரு மேடு ஏறி இறங்குவது ஆட்களை அதிகம் வடிகட்டும்.

அந்த இடத்தில் கோழி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பிப்ரவரி கடைசி, மார்ச் முதலில் ஒருமுறை நேரில் நடந்து பாருங்கள். மரங்களில் இலை இருக்காது, முகடுகளும் பள்ளங்களும் எலும்பு தெரிவது போலத் தெரியும்.

ஓக் சருகு கனமாக விழுந்திருக்கும் சரிவில் கீழே பாருங்கள். வான்கோழி நம் வீட்டுக் கோழி மாதிரியேதான் சீய்க்கும், ஆனால் அகலமாக. சருகைப் பின்னால் தள்ளியிருக்கும், முன்னால் வெறும் மண் தெரியும். சருகு குவிந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கூட்டம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியும் மண் ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் இன்றைய வேலை. காய்ந்து, மேலே புதுச்சருகு விழுந்திருந்தால் பழையது.

எச்சத்தைப் பார்த்தால் சேவலா பெட்டையா என்றுகூடச் சொல்லிவிடலாம். சேவலுடையது நீளமாக, நுனியில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். பெட்டையுடையது சுருண்டு உருண்டையாக இருக்கும். நெஞ்சு இறகு கிடந்தால் நுனியைப் பாருங்கள், கறுப்பு என்றால் சேவல், வெளிறிய பழுப்பு என்றால் பெட்டை. பெரிய மரத்தடியில் எச்சம் குவிந்து கிடந்தால் இரவில் கோழிகள் அடையும் மரம் அதுதான். அங்கே நின்று வேடிக்கை பார்க்காமல் குறித்துக்கொண்டு விலகிவிட வேண்டும்.

மார்ச் கடைசியில் ஒரு விடியற்காலை வந்து காதை மட்டும் கொடுங்கள். கருக்கலில் ஆந்தை அலறினால் மரத்தில் இருக்கும் சேவல் பொறுக்காமல் பதிலுக்குக் கூவும். எத்தனை சேவல், எந்த முகட்டில் என்று எண்ணிக்கொண்டால் போதும். வேட்டையில் சேவலை வரவழைக்க நாம் போலியாகக் கொடுக்கும் பெட்டைக் குரலைத் தயவுசெய்து அந்த நாட்களில் கொடுத்துப் பழகாதீர்கள். சீசனுக்கு முன்பே ஏமாந்த சேவல் அப்புறம் வாயைத் திறக்காது. அது உங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் காட்டுக்கு வரும் எல்லோருக்கும் நஷ்டம்.

எந்த வாரம் போவது? எத்தனை மணிக்கு?

மிசூரி வசந்த வேட்டை ஏப்ரலின் மூன்றாவது திங்கள்கிழமை வாக்கில் தொடங்கி மூன்று வாரம் நடக்கும். பொதுநிலத்தில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து பகல் 1 மணி வரைதான் சுடலாம். முதல் திங்களும் முதல் சனி ஞாயிறும் கூட்டம். மூன்றாவது வாரம் புதன்கிழமை போய்ப் பாருங்கள், அதே காடுதானா என்று கேட்பீர்கள்.

நாளுக்கு இருக்கும் அதே கணக்கு நேரத்துக்கும் உண்டு. எல்லோரும் இருட்டில் வந்து, சேவல் இறங்கும் வரை காத்திருந்து, ஒன்றும் நடக்கவில்லை என்றால் 9 மணிக்கு டிபன் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் கோழியின் நாளை யோசித்துப் பாருங்கள். விடிந்ததும் சேவலைச் சுற்றிப் பெட்டைகள் இருக்கும், நிஜப் பெட்டை பக்கத்தில் இருக்கும்போது நம் போலிக் குரலுக்கு அது ஏன் வரப்போகிறது? காலை ஏற ஏறப் பெட்டைகள் ஒவ்வொன்றாக முட்டையிட விலகிவிடும். ஏப்ரல் கடைசி, மே முதலில் பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் 28 நாள் அடைகாக்க உட்கார்ந்துவிடும். அப்போது பத்து, பதினொரு மணிக்குச் சேவல் தனியாக அலையும். காட்டில் ஆளும் இருக்காது.

இரண்டு வருடம் முன்பு மூன்றாவது வாரத்தில் அப்படி ஒரு நாள். இரவெல்லாம் மழை. ஒன்பது மணிக்கு மேல்தான் ஓடையைத் தாண்டினேன். இரண்டு முகடுகள் சேரும் தாழ்வான இடத்தில், தோளைவிட அகலமான ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டி அழைப்பானில் மெதுவாக மூன்று தடவை குரல் கொடுத்தேன். பதில் இல்லை. இருபத்தைந்து நிமிடம் அசையவில்லை. முதலில் காதில் விழுந்தது கூவல் இல்லை. தூரத்தில் லாரி என்ஜின் ஓடுவது போல ஒரு அதிர்வு, காதைவிட நெஞ்சில்தான் அதிகம் உணர்ந்தேன். சேவல் தோகை விரிக்கும்போது உள்ளுக்குள் எழுப்பும் முழக்கம் அது. வெள்ளையாகப் பூத்திருந்த டாக்வுட் மரத்துக்குப் பின்னால் சிவந்த தலை ஒன்று உயர்ந்தது. அப்புறம் நெஞ்சில் முடிக்கற்றை போலத் தொங்கும் தாடி தெரிந்தது. இருபத்தைந்து காலடி தூரத்தில் சுட்டேன். கடைசிவரை ஒருமுறைகூட அது கூவவில்லை. கூவலைக் கேட்டால்தான் உட்காருவேன் என்று நடந்துகொண்டே இருந்திருந்தால் அதைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

கடைசி வாரத்தில் ஒரு குறை உண்டு. இலை முழுக்க விரிந்துவிடும், கூவல் பாதித் தூரத்துக்குக்கூடக் கேட்காது. அதனால்தான் மார்ச்சில் குறித்து வைத்த இடங்கள் தேவை.

இருட்டில் போய்ச் சேர்ந்தால் கேட்டில் வேறு கார் நிற்கிறது. என்ன செய்வது?

அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். காட்டில் இடம் இருக்கிறதே என்று பின்னாலேயே நுழைவது அநாகரிகம், ஆபத்தும்கூட. என் முதல் வருடத் தொடக்க நாளில் ஐந்து கார் நின்ற கேட்டில் ஆறாவதாக நுழைந்தேன். ஒரு மணி நேரம் எனக்குப் பதில் சொன்ன "பெட்டை" இன்னொரு வேட்டைக்காரர் என்று கடைசியில் தெரிந்தது. எங்களுக்கு நடுவே இருந்தது நூறு அடி புதர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் மூன்று இடம் குறித்துக்கொண்டுதான் கிளம்புகிறேன், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இருக்காது.

உள்ளே இன்னொருவர் எதிர்ப்பட்டால்?

கையை ஆட்டாதீர்கள், கோழி மாதிரிக் குரல் கொடுக்காதீர்கள். அசையாமல் உட்கார்ந்தபடி சத்தமாக, மனிதக் குரலில், "ஹலோ, இங்கே ஆள் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த மூன்று நிறமும் உங்கள் உடம்பில் எங்கேயும் வேண்டாம், சட்டைக்குள் போடும் பனியன், கைக்குட்டை, காலுறை உட்பட. கூவல் கேட்ட திசையில் பதுங்கிப் பதுங்கிப் போகவே கூடாது, அங்கே கூவுவது மனிதராக இருக்கலாம். சேவலை ஈர்க்க வைக்கும் பொம்மைக் கோழியைப் பைக்குள் மறைத்துத்தான் தூக்க வேண்டும். சுட்ட கோழியைச் சுமந்து திரும்பும்போது ஆரஞ்சுத் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

தெரியாமல் தனியார் நிலத்துக்குள் போய்விட்டால்?

தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. மிசூரியில் மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறச் சாயம் செங்குத்தாகப் பூசியிருந்தால் "உள்ளே வராதே" என்று பலகை வைத்ததற்குச் சமம். சட்டமே அப்படித்தான். அந்த ஊதா தெரிந்தால் நின்ற இடத்திலேயே திரும்புங்கள். ஓசார்க் பள்ளங்களில் போனில் சிக்னல் கிடைக்காது, வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு, பூச்சி?

பாம்பைவிட உண்ணியைப் பாருங்கள். லோன் ஸ்டார் என்ற உண்ணி ஓசார்க்கில் ஏராளம். அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒவ்வாமல் போய்விடுகிறது. கோழி சாப்பிடலாம், மட்டன் பிரியாணி போய்விடும். கிளம்புவதற்கு முந்தின நாளே உடைக்கும் பூட்ஸுக்கும் பெர்மெத்ரின் அடித்துக் காயவைத்து, பேன்ட் காலைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். அது துணிக்கு மட்டும், தோலில் பூசக்கூடாது.

சுட்ட பிறகு?

உரிமத்தில் உடனே குறிக்க வேண்டும். அன்றிரவு 10 மணிக்குள் துறைக்குப் பதிவு செய்ய வேண்டும், செல்போன் செயலியிலேயே முடியும். நெஞ்சுக்கறி மென்மையானது, மிளகுத்தூள் தூவி வறுக்கலாம். தொடையும் காலும் இரும்பு மாதிரி. குக்கரில் நாட்டுக்கோழிக்கு விடுவதைப்போல இரண்டு மடங்கு நேரம் விட்டு, தேங்காய் அரைத்துக் குழம்பு வையுங்கள். காலைக் காட்டில் எறிந்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

நல்ல இடம் கிடைத்தால் மற்றவர்களிடம் சொல்லலாமா?

மாவட்டம் வரை சொல்லுவேன், முகட்டைச் சொல்ல மாட்டேன். தேடும் முறையை மட்டும் யார் கேட்டாலும் முழுசாகச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் வீட்டில் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் காட்டுப்பாதை எண், எந்த கேட், எந்த ஓடையைத் தாண்டுகிறேன், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். மூன்று இடம் குறித்திருந்தால் மூன்றையும் எழுதுவேன். இடம் மாறினால், சிக்னல் கிடைக்கும் கடைசி மேட்டில் வண்டியை நிறுத்தி மனைவிக்கு ஒரு மெசேஜ்.